மருத்துவக் கருவிகளை வரையும் இன்டர்ன்ஷிப், ஒப்புக்கொள்ளலாமா?

கோடும்_வளைவும்:

வணக்கம். கிராஃபிக் டிசைன் படிப்பு முடியப் போகிறது. ஒரு மனிதாபிமான அமைப்பின் சப்ளைப் பிரிவிலிருந்து ஆறு மாத இன்டர்ன்ஷிப்புக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். போஸ்டர், சோஷியல் மீடியா, நன்கொடை விளம்பரம் எதுவும் கிடையாது. கள மருத்துவமனைகளுக்கு அவர்கள் அனுப்பும் பொருட்களுக்கு ஒரு பெரிய கேட்டலாக் இருக்கிறது, அதில் உள்ள படங்களை எல்லாம் ஒரே பாணியில் திரும்ப வரைய வேண்டும், அவ்வளவுதான் வேலை. இப்போது இருக்கும் படங்களைப் பார்த்தேன். சில கம்பெனி புகைப்படங்கள், சில பழைய புத்தகத்திலிருந்து ஸ்கேன் செய்தவை, சில யாரோ வேர்டிலேயே கட்டம் கட்டமாகப் போட்டு ஒப்பேற்றியவை.

நேர்காணலில் பாதி நேரம் பேசவே இல்லை. ஒரு கத்தரிக்கோல் மாதிரியான கருவியைக் கையில் கொடுத்து, பென்சிலும் தாளும் கொடுத்து, வரை என்றார்கள். நன்றாகத்தான் வந்தது என்று நினைத்தேன். பார்த்தவர் "அழகாக இருக்கிறது, ஆனால் இது எந்தக் கருவி என்று இதை வைத்துச் சொல்ல முடியாதே" என்றார். ஆனாலும் எடுத்துக்கொண்டார்கள்.

என் குழப்பம் இதுதான். கூடப் படிப்பவர்கள் எல்லாம் பிராண்டிங் ஸ்டுடியோ, ஆப் டிசைன் என்று போகிறார்கள். நான் ஆறு மாதம் சிரிஞ்சும் ஊசியும் வரைந்துவிட்டு வெளியே வந்தால் போர்ட்ஃபோலியோவைப் பார்ப்பவர் என்ன நினைப்பார்? மருத்துவம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, அது தடையாக இருக்குமா? இந்த மாதிரி வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.


பழைய_நிப்:

நான் செய்திருக்கிறேன், வேறு அமைப்பு, கிட்டத்தட்ட இதே வேலை. இப்போது பிழைப்பே டெக்னிக்கல் இல்லஸ்ட்ரேஷன்தான். அதனால் நான் சொல்வதில் கொஞ்சம் பாசம் கலந்திருக்கும், கழித்துக்கொண்டு படியுங்கள்.

உங்களை நேர்காணல் செய்தவர் ஒரே வரியில் முழு வேலையையும் சொல்லிவிட்டார். கையில் கொடுத்தது ரத்தக் குழாயைக் கவ்விப் பிடிக்கும் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸாக இருக்கும், அல்லது தையல் ஊசியைப் பிடிக்கும் நீடில் ஹோல்டராக இருக்கும். தூரத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றேதான். இரண்டு வளையம், நடுவில் ஒரு மூட்டு, விரல் பக்கம் பல்பல்லாகப் பூட்டிக்கொள்ளும் ராட்செட். வித்தியாசம் எல்லாம் நுனியில். நீடில் ஹோல்டரின் தாடை குட்டையாக, தடிப்பாக இருக்கும், உள்பக்கம் குறுக்கும் நெடுக்குமாக வலை மாதிரி கீறியிருக்கும், ஏனென்றால் வளைந்த ஊசி அதில் சுழலாமல் நிற்க வேண்டும். ஆர்ட்டரி ஃபோர்செப்ஸின் தாடை நீளமாக, மெல்லியதாக இருக்கும், வரிகள் குறுக்கே மட்டும் ஓடும். அதிலும் பல வகை உண்டு, கெல்லி என்றால் வரி தாடையின் நுனிப் பாதியில் மட்டும், கிரைல் என்றால் தாடை முழுக்க. கோக்கர் என்றால் நுனியில் பல் இருக்கும். நீங்கள் கைப்பிடியின் வளைவை உருகி உருகி வரைந்து, நுனியை "ஏதோ வரி" என்று நாலு கோடு இழுத்தால், கேட்டலாக்கில் அந்தப் படத்துக்கு வேலையே இல்லை.

அதனால்தான் புகைப்படம் போதாது. புகைப்படத்தில் ஸ்டீல் பளபளப்பு எல்லாவற்றையும் தின்றுவிடும். கோட்டோவியத்தில் எதைக் காட்டுவது, எதை விடுவது என்பது நம் கையில். மூடிய நிலையில் முழுக் கருவி ஒன்று, பக்கத்தில் வட்டம் போட்டு நுனி மட்டும் பெரிதாக்கியது ஒன்று. பெரும்பாலும் இந்த இரண்டே போதும்.

இன்னொன்று, அந்தப் படத்தை யார் பார்க்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். டாக்டர் என்று நினைத்திருப்பீர்கள். சர்ஜனுக்கு உங்கள் படம் தேவையே இல்லை, கையில் எடுத்தாலே அவருக்குத் தெரியும். பார்ப்பவர் ஸ்டோர்கீப்பர். பெட்டி வந்து இறங்குகிறது, லேபிள் அவருக்குத் தெரியாத மொழியில், உள்ளே இருப்பது ஆர்டர் செய்த பொருள்தானா என்று சரிபார்க்க வேண்டும், பக்கத்தில் கேட்க ஆள் இல்லை. அவர் கையில் இருப்பது உங்கள் படத்தின் கறுப்புவெள்ளை பிரிண்ட், அதுவும் டோனர் தீரப்போகிற பிரிண்டரில் எடுத்தது. கிரேடியன்ட், மெல்லிய சாம்பல் நிழல், அரை பாயின்ட்டுக்குக் கீழே கோடு, எல்லாம் அதில் போய்விடும். வரைந்த ஒவ்வொன்றையும் தபால்தலை அளவுக்குச் சுருக்கி, ஒரு ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸை இன்னொரு ஜெராக்ஸ் எடுத்துப் பாருங்கள். அதில் நின்றால் படம் தேறியது.

முதல் வாரம் எதையும் வரையாதீர்கள், விதிகளை எழுதுங்கள். வெளிக்கோடு எத்தனை பாயின்ட், உள்கோடு எத்தனை, கருவியின் நுனி எப்போதும் எந்தப் பக்கம் பார்க்கும், வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து, பிளாஸ்டிக் ஒளி ஊடுருவுவதை எப்படிக் காட்டுவது, ரப்பரை எப்படி, ஸ்டீலை எப்படி. இது இல்லாமல் ஆரம்பித்தால் இருநூறாவது படம் வரும்போது முதல் படம் வேறு யாரோ வரைந்தது போல இருக்கும். படத்துக்குள் எழுத்தே வேண்டாம், 1, 2, 3 என்று எண் மட்டும் போட்டு விளக்கத்தைக் கீழே வையுங்கள். கேட்டலாக் பிரெஞ்சுக்குப் போகும், அரபிக்குப் போகும், ஒவ்வொரு முறையும் படத்தைத் திறந்து எழுத்தை மாற்ற யாருக்கும் நேரம் கிடையாது. அரபியில் படிப்பவர் வலமிருந்து இடமாகப் போவார் என்பதையும் மறக்காதீர்கள், படிப்படியாகக் காட்டும் படங்களில் எண் இல்லாவிட்டால் கடைசிப் படியிலிருந்து தொடங்கிவிடுவார்.

மருத்துவம் தெரியாதது நல்லதுதான். எது வெளிப்படையாகத் தெரியும், எது தெரியாது என்று கேள்வி கேட்க உங்களுக்குத்தான் வரும்.


நைட்_டியூட்டி_நர்ஸ்:

மேலே சொன்னவர் எல்லாம் சரியாகச் சொன்னார், கறுப்புவெள்ளை விஷயத்தில் மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் வேலையில் நிறம் அலங்காரம் இல்லை.

ஐவி கேனுலா, அதாவது ரத்தக் குழாயில் செருகி வைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். 14 கேஜ் ஆரஞ்சு, 16 சாம்பல், 18 பச்சை, 20 பிங்க், 22 நீலம், 24 மஞ்சள். வார்டில் "ஒரு பச்சை கொண்டு வா" என்றுதான் சொல்வோம், நம்பர் யாரும் சொல்ல மாட்டார்கள். இது ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தரத்தில் உள்ள நிறம், எந்தக் கம்பெனி என்றாலும் அதே. இப்போது சாதாரண இன்ஜெக்‌ஷன் ஊசிக்கு வாருங்கள். அதற்கு வேறு தரம், வேறு நிற வரிசை. அங்கே 18 கேஜ் பிங்க், 20 மஞ்சள், 21 பச்சை, 23 நீலம். அதாவது ஒரே பிங்க், கேனுலாவில் 20, ஊசியில் 18. கேனுலாவுக்குப் போட்ட நிறத்தை டிசைனர் "ஒரே மாதிரி இருக்கட்டும்" என்று ஊசிக்கும் எடுத்துப் போட்டால் கதை முடிந்தது. கேஜ் எண் கூடக் கூட ஊசி மெல்லியதாகும், அதுவும் புதிதாக வருபவர்களுக்குத் தலைகீழாகத்தான் தோன்றும்.

நிறத்தை மட்டும் நம்பவும் கூடாது, பச்சை சிவப்பு பிரித்துப் பார்க்க முடியாதவர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். அதனால் நிறமும் வேண்டும், பக்கத்தில் எண்ணும் வேண்டும்.

நீங்கள் வரையப் போகும் பொருட்களில் எங்கே கவனம் வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். சிரிஞ்சின் நுனி. சும்மா செருகுவது லூயர் ஸ்லிப், திருகிப் பூட்டுவது லூயர் லாக். லாக்கில் நுனியைச் சுற்றி ஒரு வளையமும் உள்ளே மரையும் இருக்கும். படத்தில் அந்த மரை தெரியவில்லை என்றால் இரண்டும் ஒன்று. மூக்கு வழியாக உணவு கொடுக்கும் டியூபுக்கான சிரிஞ்சு வேறு, அதன் முனை ரத்தக் குழாயில் போகும் லைனோடு பொருந்தவே கூடாது என்றுதான் இப்போது தனி வடிவத்தில் வருகிறது. அந்த வித்தியாசத்தைப் படம் மழுப்பினால் தப்பு.

டிரிப் செட்டிலும் அப்படித்தான். பெரியவர்களுக்கு வழக்கமாக ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் செட், குழந்தைகளுக்கு 60 சொட்டு விழும் மைக்ரோ செட். மைக்ரோவில் சொட்டு விழும் சேம்பருக்குள் மேலே ஒரு மெல்லிய உலோகக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் ஒரே பார்வையில் தெரியும் அடையாளம். மில்லிமீட்டர் கணக்கில் இருக்கும் அந்தக் குழாயைத்தான் பெரிதாக்கிக் காட்ட வேண்டும். மீதி குழாய், கிளாம்ப் எல்லாம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை.

கையோடு சேர்த்து வரையச் சொன்னால் இன்னும் ஜாக்கிரதை. ஊசிக்கு இரண்டு கையாலும் மூடி போடுவது போலப் படம் பார்த்திருக்கிறேன், பயிற்சிக் கையேட்டிலேயே. பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடவே கூடாது, அப்படியே சேஃப்டி பாக்ஸில் போட வேண்டும், பாக்ஸும் முக்கால் நிறைந்ததும் மூடிவிட வேண்டும். வழிய வழிய நிறைந்த பாக்ஸை வரைந்து வைத்தால் பார்ப்பவர் அதையே சரி என்று எடுத்துக்கொள்வார். எழுத்தில் சொன்னதை மறந்துவிடுவார்கள், படத்தில் பார்த்ததைச் செய்வார்கள்.


கறார்_கணக்கு:

எல்லோரும் ஊசி பற்றியே பேசுகிறீர்கள், பையனுக்கோ பெண்ணுக்கோ சம்பளம் உண்டா என்று யாரும் கேட்கவில்லை.

"மனிதாபிமான" என்ற சொல் முன்னால் வந்துவிட்டால் காசு பற்றிக் கேட்பதே பாவம் என்று ஆகிவிடுகிறது. ஐ.நா. செயலகத்தின் இன்டர்ன்ஷிப்புக்கே சம்பளம் கிடையாது, பயணம், விசா, தங்குமிடம் எல்லாம் சொந்தச் செலவு. சில அமைப்புகள் கொடுக்கின்றன. உங்களுக்கு வந்திருக்கும் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது? ஆறு மாதம் முழு நேரம், கேட்டலாக் முழுக்கத் திரும்ப வரைவது என்றால் அது கற்றுக்கொள்ளும் வேலை இல்லை, உற்பத்தி வேலை. அதைச் சம்பளமில்லாத ஆளிடம் வாங்குவதை நான் சேவை என்று சொல்ல மாட்டேன்.

கையெழுத்துப் போடும் முன் இவற்றை எழுத்தில் வாங்குங்கள். வரைந்த படங்களை உங்கள் போர்ட்ஃபோலியோவில் காட்டலாமா? பெயர் எங்காவது வருமா? கம்பெனிப் புகைப்படத்தின் மேல் டிரேஸ் எடுக்கச் சொன்னால் அந்தப் புகைப்படத்தின் உரிமைக்கு யார் பொறுப்பு? (இது சின்ன விஷயம் இல்லை. நேரில் பொருளை வைத்து வரைவதுதான் எப்போதும் சுத்தம்.) ஒவ்வொரு படத்தையும் சரிபார்த்து ஒப்புதல் தருவது யார்? பெயர் தெரிய வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பெண் இதே போன்ற ஓர் இடத்தில் இருந்தாள், வரைந்து குவித்தாள், பார்க்கத்தான் ஆள் இல்லை. கடைசி மாதம் ஒரு மருத்துவர் வந்து பாதியைத் திருப்பி அனுப்பினார், அதற்குள் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. படங்கள் இன்னும் ஏதோ ஒரு ஃபோல்டரில் கிடக்கின்றன.


கோடும்_வளைவும்:

இவ்வளவு பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி.

உதவித்தொகை உண்டு, வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போகும், மிச்சம் இருக்காது. போர்ட்ஃபோலியோ பற்றி இன்று மெயில் போட்டுவிட்டேன். மேற்பார்வை செய்பவர் பயோமெடிக்கல் இன்ஜினியர், டிசைனர் என்று அங்கே ஒருவரும் இல்லை, நான் ஒருத்திதான். அது நல்லதா கெட்டதா தெரியவில்லை.

அப்புறம் இரண்டு சந்தேகம். முதல் பட்டியலில் மருந்துப் பெட்டி, முதலுதவிப் பை எல்லாம் இருக்கின்றன. மேலே சிவப்புச் சிலுவை போட்டால்தானே பார்த்ததும் புரியும், போடலாமா? லேபிளில் வரும் குட்டிக் குட்டிச் சின்னங்களை நம் பாணிக்கு ஏற்ப மாற்றி வரையலாமா? சில ரொம்பப் பழைய காலத்துச் சின்னங்களாக இருக்கின்றன, பார்க்கவே ஒரு மாதிரி இருக்கிறது.


பழைய_நிப்:

சிவப்புச் சிலுவை போடவே போடாதீர்கள். அது மருத்துவத்தின் பொதுச் சின்னம் இல்லை, 1949 ஜெனீவா ஒப்பந்தங்களின் கீழ் பாதுகாக்கப்பட்ட அடையாளம். போர் நடக்கும் இடத்தில் இராணுவ மருத்துவச் சேவையையும் செஞ்சிலுவை, செம்பிறை இயக்கத்தையும் சுடக்கூடாது என்று காட்டுவதற்காக உள்ளது. செம்பிறைக்கும், 2005ல் சேர்த்த சிவப்புப் படிகத்துக்கும் அதே பாதுகாப்பு. உங்கள் அமைப்பு அந்த இயக்கத்தைச் சேர்ந்தது இல்லை என்றால் அதைப் பெட்டியில் வரைவது சட்டப்படியே தவறு, அழகுக்காகக் கண்ட இடத்தில் போட்டுப் போட்டுத்தான் அதன் மதிப்பு தேய்கிறது. முதலுதவிக்கு ஐஎஸ்ஓ சின்னம் பச்சைத் தரையில் வெள்ளைச் சிலுவை. அதைப் போடுங்கள்.

லேபிள் சின்னங்களையும் தொடாதீர்கள். ஐஎஸ்ஓ 15223 என்ற தரத்தில் அவை இருக்கின்றன. வட்டத்துக்குள் 2, குறுக்கே ஒரு கோடு என்றால் மறுபடி பயன்படுத்தாதே. மணற்கடிகாரம் என்றால் காலாவதித் தேதி. குடை என்றால் நனையவிடாதே. இதில் டிசைனர்கள் விழும் குழி தொழிற்சாலைச் சின்னம். உள்ளே கறுப்பு நிரப்பியிருந்தால் தயாரிப்பாளர் யார் என்று அர்த்தம், வெறும் வெளிக்கோடு மட்டும் இருந்தால் தயாரித்த தேதி. நாம் ஐகான் செட் போடும்போது "ஃபில்டு, அவுட்லைன் இரண்டும் ஒரே ஐகானின் இரண்டு பாணி" என்றுதானே பழகியிருக்கிறோம்? இங்கே அது இரண்டு வேறு செய்தி. பழைய காலத்துச் சின்னமாக இருந்தால் இருக்கட்டும், அப்படியே எடுத்து வையுங்கள்.

பொதுவான ஐகான்கள் தேவைப்பட்டால் ஐ.நா.வின் மனிதாபிமான ஒருங்கிணைப்பு அலுவலகமான ஓச்சா 2012ல் மனிதாபிமான வேலைக்கென்றே 500 ஐகான்களை இலவசமாக வெளியிட்டது. தங்குமிடம், தண்ணீர், தடுப்பூசி எல்லாம் அதில் உண்டு. புதிதாக யோசிக்கும் முன் அங்கே பாருங்கள்.

டிசைனர் இல்லாத இடம் என்பது பற்றி. இரண்டு பக்கமும் உண்டு. உங்கள் கோட்டின் தரம் பற்றிச் சொல்ல ஆள் இருக்காது, அதற்கு வெளியே யாரையாவது வைத்துக்கொள்ளுங்கள், எனக்கே கூட அனுப்பலாம். ஆனால் பயோமெடிக்கல் இன்ஜினியர் மேற்பார்வை என்பது யோகம். அவர் மேசையில் பழுதான கருவிகள் கிடக்கும். எதையும் புகைப்படம் பார்த்து வரையாதீர்கள், அவரிடம் போய் வாங்கி, கழற்றி, திரும்பப் பூட்டிப் பார்த்துவிட்டு வரையுங்கள்.

ஆம்பு பேக் என்று சொல்வார்களே, மூச்சு நின்றவருக்குக் கையால் அமுக்கிக் காற்று கொடுக்கும் பை. அதை வெளியிலிருந்து வரைந்தால் ஒரு பை, ஒரு மாஸ்க், ஐந்து நிமிட வேலை. ஆனால் அதைக் கழுவிக் காயவைத்துத் திரும்பப் பூட்டுகிறார்கள். நோயாளி பக்க வால்வுக்குள் வாத்து அலகு மாதிரி மெல்லிய ஒரு சிலிக்கோன் ரப்பர் துண்டு இருக்கும், அது தலைகீழாகப் போனாலோ விட்டுப்போனாலோ அமுக்குகிற காற்று நோயாளிக்குப் போகாது. பாகங்களைப் பிரித்து ஒரே அச்சில் வரிசையாக நிறுத்தி வரையும் எக்ஸ்புளோடட் படம் இதற்குத்தான். பையைச் சின்னதாக ஓரத்தில் வைத்துவிட்டு, வால்வுக்கு முக்கால் பக்கம் கொடுங்கள். காற்று போகும் திசைக்கு ஒரே ஒரு அம்புக்குறி.

நர்ஸம்மா சொன்ன நிறக் கதையில் நான் தோற்றேன், ஒப்புக்கொள்கிறேன். கோட்டோவியம் கறுப்புவெள்ளையில் நிற்க வேண்டும், தரத்தில் நிறம் உள்ள பாகத்தில் மட்டும் நிறம், பக்கத்தில் கேஜ் எண். இதை விதிகளில் எழுதிவிடுங்கள்.

சாஃப்ட்வேர் எதுவானாலும் சரி, இல்லஸ்ட்ரேட்டரோ இன்க்ஸ்கேப்போ. மூலக் கோப்பு எஸ்விஜி என்ற பொது வடிவத்தில் இருக்கட்டும், நீங்கள் போன பிறகு லைசென்ஸ் இல்லாதவரும் திறக்க முடியும். கோப்பின் பெயர் கேட்டலாக்கின் பொருள் எண்ணாகவே இருக்கட்டும். "ஃபோர்செப்ஸ்_ஃபைனல்_2" என்று ஒன்றைப் பார்த்தேன் என்றால் நேரில் வந்து திட்டுவேன்.


நைட்_டியூட்டி_நர்ஸ்:

இன்னும் ஒன்று சொல்ல விட்டுப்போனது. குழந்தைகளின் மேல்கையைச் சுற்றி அளக்கும் டேப் பட்டியலில் நிச்சயம் இருக்கும், ஊட்டச்சத்துக் குறைவைக் கண்டுபிடிக்க. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தைக்கு 115 மில்லிமீட்டருக்குக் கீழே சிவப்பு, 125 வரை மஞ்சள், அதற்கு மேல் பச்சை. அதைக் கிட்டத்தட்ட நிஜ அளவில், முழு அளவுக்கோடுகளோடு வரைந்து வைக்காதீர்கள். டேப் தீர்ந்துபோன இடத்தில் யாராவது பிரிண்ட் எடுத்து வெட்டி உபயோகிப்பார்கள், பிரிண்டர் 97 சதவீதத்துக்குச் சுருக்கியிருக்கும், அது யாருக்கும் தெரியாது. அளவு தப்பிவிடும். நடுவில் முறித்து, பாதி மட்டும் காட்டுங்கள்.


கறார்_கணக்கு:

உதவித்தொகை உண்டு, கேட்க ஒரு இன்ஜினியர் உண்டு என்றால் சரி, போகலாம். போர்ட்ஃபோலியோ பயத்துக்கு ஒரு வழி. முடிந்த படங்களை மட்டும் வரிசையாக வைத்தால் பார்ப்பவர் கொட்டாவி விடுவார். ஒரே ஒரு கருவியை எடுங்கள், உங்கள் நேர்காணல் பென்சில் படம், அது ஏன் போதவில்லை, விதிகள் என்ன, ஜெராக்ஸில் எது அழிந்தது, கடைசிப் படம் எது, இதை நாலு பக்கத்தில் வையுங்கள். நான் ஆள் எடுக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். லோகோ நாற்பது காட்டுபவரை விட இதைக் காட்டுபவரிடம்தான் கேள்வி கேட்பேன்.

மெயிலுக்குப் பதில் வந்ததா? வாய்மொழியாக "அதெல்லாம் போட்டுக்கலாம்மா" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.


கோடும்_வளைவும்:

வந்துவிட்டது. கேட்டலாக் பொதுவில் வெளியான பிறகு படங்களைக் காட்டலாம், அதற்கு முன் கூடாது என்று எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள். ஒப்புதல் தருபவர் பெயரைக் கேட்டதற்கு இன்ஜினியரோடு ஒரு தலைமை நர்ஸின் பெயரையும் சேர்த்துவிட்டார்கள். வாரம் ஒரு முறை மூவரும் உட்கார்ந்து பார்ப்பது என்று நானே கேட்டு வாங்கிவிட்டேன். நாளை ஒப்புதல் கடிதம் அனுப்புகிறேன்.

பழைய_நிப், விதிகளின் முதல் வரைவை எழுத ஆரம்பித்திருக்கிறேன், ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்குக்குள் இருக்கும் பாகத்துக்குப் புள்ளிக்கோடு போடுவதா மெல்லிய முழுக்கோடு போடுவதா என்பதிலேயே நிற்கிறேன்.


பழைய_நிப்:

மெல்லிய முழுக்கோடு. புள்ளிக்கோட்டைக் கண்ணுக்கே தெரியாமல் மறைந்திருக்கும் பாகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மைக்ரோ செட்டின் அந்த உலோகக் குழாயை முதலில் வரைந்து சோதித்துப் பாருங்கள், அதில் சரியாக வந்தால் மற்றதில் பிரச்சினை வராது.